என் சிஸ்டத்தில் ஓடியது

நான் வெளியிட்ட மென்பொருள் பேக்கேஜ் ஒன்றுக்குள் கைவைத்தேன். மூலநிரலில் இல்லாததை அதற்குள் நுழைத்துவிட்டு, மூலநிரலிலிருந்து முறைப்படி எடுத்ததுதான் என்று ஊருக்குச் சொன்னேன். பிழையைச் சரியாகக் கண்டு சொன்ன ஒரு கல்லூரி மாணவியிடம், கோளாறு உன் கணினியில்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். தவறு என்னுடையது என்று தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை. நேராகக் கேட்டபோது பொய்யும் சொன்னேன். திருநெல்வேலிப் பக்கம் கட்டற்ற மென்பொருள் வேலையில் இருப்பவர்களும், நாங்கள் செய்ததை நம்பிப் பிள்ளைகளுக்குக் காட்டிய ஆசிரியர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தாமிரபரணிப் பாசனப் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்காக நண்பர்கள் சிலர் சேர்ந்து செய்த மென்பொருள் அது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே இருந்தவை. ஸ்ரீவைகுண்டம் அணை மட்டும் 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் கட்டியது. அணைக்கு ஒரு பாடம் என்று வைத்துக்கொண்டோம். அந்த அணையிலிருந்து பிரியும் கால்கள், கார், பிசானம் என்ற இரு போக நெல், மடை, மறுகால் போன்ற பாசனச் சொற்கள், வயதானவர்களின் குரலில் அவற்றின் உச்சரிப்பு, படங்கள் எல்லாம் அதில் உண்டு. நிரலைப் பைத்தானில் எழுதினோம், திரைக்கு க்யூட்டி. ஒவ்வோர் அணைக்கும் அதன் பெயரிலேயே தமிழில் ஒரு ஃபோல்டர்.

பள்ளிகளில் இருந்தவை பல வகைக் கணினிகள். 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. பள்ளிக் கணினி அறைகளில் விண்டோஸ். எங்களுக்கு உதவிய வெளியூர் நண்பர்கள் சிலரிடம் மேக். ஆகவே ஒரே மூலநிரலிலிருந்து மூன்று பேக்கேஜ் எடுக்க வேண்டும். அந்தப் பில்ட் வேலை முழுவதும் என் பொறுப்பு. சிந்துபூந்துறையில், ஆற்றோரத் தெருவில் இருந்த என் வீட்டுக் கணினியில்தான் எல்லாம் நடந்தது. என்ன கட்டளை, எந்த வரிசை, எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு என்பதெல்லாம் என் தலைக்குள் இருந்தன. எழுதி வைக்கவில்லை.

நிரல் எழுதுவதைவிடப் பேக்கேஜ் எடுப்பது கடினம் என்று இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்வார்கள். அது உண்மை. விண்டோஸில் ஃபோல்டரைப் படித்தால் கோப்புகள் பெரும்பாலும் பெயர் வரிசையில் வரும். லினக்ஸில் அந்த உத்தரவாதம் இல்லை. விண்டோஸில் எழுதிச் சேமித்த ஷெல் ஸ்கிரிப்டின் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். லினக்ஸில் அதுவே பில்டை நிறுத்திவிடும். புது உபுண்டுவில் எடுத்த பேக்கேஜ் பழைய பாஸ் லினக்ஸில் திறக்காது, ஏனென்றால் அது கேட்கும் அடிப்படை சி நூலகத்தின் பதிப்பு அங்கே இருக்காது. பேக்கேஜை எங்கே ஓட்ட வேண்டுமோ அந்த வகையில் மிகப் பழைய கணினியில்தான் பில்ட் செய்ய வேண்டும். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும், அம்பாசமுத்திரம் பக்கத்து ஆசிரியர் ஒருவர், "திறக்கவே மாட்டேங்கு அண்ணாச்சி" என்று சொன்னபோது, என்னிடம் இருந்த புதுக் கணினியில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "என் சிஸ்டத்துல ஓடுதே" என்றுதான் பதில் சொன்னேன். ஒவ்வொரு முறையும் கடைசியில் பிழை எங்கள் பக்கம்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த முறை யார் குறை சொன்னாலும் என் வாயில் முதலில் வந்தது அதே பதில்தான்.

ஸ்ரீவைகுண்டம் பாடத்தில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அந்தப் பாடத்தின் முதல் வரைவை எழுதியது நான். அதில் மேலக்கால், கீழக்கால் என்று எழுதிவிட்டேன். அவை மருதூர் அணையின் கால்கள். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரிபவை வடகாலும் தென்காலும். அந்த ஊர்ப்பக்கத்து ஆசிரியர் ஒருவர் தவறைப் பார்த்துவிட்டு, முழுப் பாடத்தையும் கைப்பட எழுதி, வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினார். எங்கள் குழுவில் ஒருவர் அதைத் தட்டச்சு செய்து, புது ஃபோல்டர் போட்டு, எங்கள் மூலநிரல் இருக்கும் களஞ்சியத்தில் சேர்த்தார். நான் அடுத்த பதிப்பை எடுத்து வெளியிட்டேன். சில நாளில் ஆசிரியர் போன் செய்தார்.

"தம்பி, நம்ம ஊருப் பாடம் பழசாவே இருக்கு. நான் திருத்திக் கொடுத்தது வரலியே."

"நீங்க பழைய வெர்ஷனப் போட்டிருப்பீங்க சார். எடுத்துட்டுத் திரும்பப் போடுங்க."

"போட்டுப் பாத்துட்டேன் தம்பி. அப்படியேதான் இருக்கு. எங்க பிள்ளைங்க வீட்டுல பாதிப் பேருக்குத் தென்கால் பாசனம். அவங்கப்பன் வயக்காட்டுக்கு எந்தக் கால் தண்ணி வருதுன்னு தெரியாதா?"

பார்க்கிறேன் என்று சொன்னேன். பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில் பாளையங்கோட்டையில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி எங்களோடு சேர்ந்தாள். நான் சொல்லாமலேயே ஒரு நல்ல காரியம் செய்தாள். களஞ்சியத்திலிருந்து மூலநிரலைப் புதிதாக இறக்கி, வெறும் கணினியில் பில்ட் செய்து பார்த்தாள். "அண்ணா, மத்த ஏழும் சரியா வருது. ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஃபோல்டர் இல்லன்னு நிக்குது" என்று குழுவில் எழுதி, திரையைப் படம் எடுத்துப் போட்டாள்.

அந்தப் படத்தில் விடை இருந்தது. களஞ்சியத்தைப் பராமரிக்கும் கிட் என்ற மென்பொருள், தன் இயல்பான அமைப்பில், தமிழ்ப் பெயர்களை எழுத்தாகக் காட்டாது. மூன்றிலக்க எண்களாக உடைத்துக் காட்டும். களஞ்சியத்தில் இருந்த ஃபோல்டரின் பெயர் அவள் திரையில் \340\256\266 என்று தொடங்கியது. பில்ட் தேடிய பெயரோ, எண்ணாக எழுதினால், \340\256\270 என்று தொடங்குவது. முதலாவது ஶ, இரண்டாவது ஸ.

தமிழில் 'ஸ்ரீ'யைக் கணினி இரண்டு விதமாக வைத்திருக்கிறது. 2005இல் வந்த யூனிகோடு 4.1இல்தான் ஶ என்ற எழுத்துக்குத் தனி இடம் கிடைத்தது. அதுவரை எல்லோரும் ஸ்-ஐயும் ரீ-யையும் சேர்த்துத்தான் 'ஸ்ரீ' அடித்தோம். அதன் பிறகு ஶ-வில் தொடங்குவதே முறை என்றானது. ஆனால் பழைய வழக்கம் நிற்கவில்லை. சில விசைப்பலகைகள் இதைத் தரும், சில அதைத் தரும். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். மனிதக் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். பில்ட் தேட வேண்டிய பெயர்களின் பட்டியலில் நான் அடித்த ஸ்ரீவைகுண்டம் ஸ-வில் தொடங்கியது. நண்பர் சேர்த்த ஃபோல்டரின் பெயர் ஶ-வில் தொடங்கியது.

அப்படியானால் என் கணினியில் மட்டும் எப்படி ஓடியது? ஆரம்ப நாட்களில் மாதிரிக்காகச் சில பாடங்களை என் கணினியில் ஒரு தனி ஃபோல்டரில் வைத்திருந்தேன். அதைக் கிட் கண்டுகொள்ள வேண்டாம் என்று அமைத்துவிட்டேன். பில்ட் ஸ்கிரிப்டில், முறையான இடத்தில் பாடம் கிடைக்காவிட்டால் இந்த மாதிரியிலிருந்து எடுத்துக்கொள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். எச்சரிக்கை எதுவும் காட்டாமல் எடுத்துக்கொள்ளும்படிதான் எழுதியிருந்தேன். அந்த வரியை நீக்க மறந்துபோனேன். ஆகவே ஒவ்வொரு பேக்கேஜிலும் மற்ற ஏழு அணைகளுக்குப் புதுப் பாடமும், ஸ்ரீவைகுண்டத்துக்கு என்னுடைய தவறான பழைய பாடமும் போய்க்கொண்டிருந்தன. அந்த ஆசிரியர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அந்த மாணவி சொன்னதும் உண்மை.

நான் அவளுக்கு எழுதிய பதில் இது: "என் சிஸ்டத்துல ஓடுதே. உன் லினக்ஸ்ல தமிழ் சரியாப் போடல. முதல்ல அதச் சரி பண்ணு." குழுவில் எல்லோரும் பார்த்தார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை, ஏனென்றால் பில்ட் பற்றித் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். "சரிண்ணா" என்று எழுதினாள். அதன் பிறகு வெகுநாள் அவள் எதுவும் எழுதவில்லை.

உறுத்தல் தாங்காமல் பிறகு ஒரு நாள் இரவு உட்கார்ந்து தேடினேன். மாதிரி ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டுப் பில்டை ஓட்டினேன். அவள் படத்தில் இருந்த அதே செய்தி என் திரையில் வந்தது. அப்போது நான் செய்திருக்க வேண்டியது என்ன என்பதில் சந்தேகமே இல்லை. குழுவில் உண்மையைச் சொல்லி, அந்த வரியை நீக்கி, பெயரைத் திருத்தி, புதுப் பதிப்பு எண்ணோடு வெளியிட்டிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. எடுத்து வைத்திருந்த விண்டோஸ், லினக்ஸ் பேக்கேஜ்களைப் பிரித்து, பழைய பாடத்தை எடுத்துவிட்டுப் புதுப் பாடத்தைக் கையால் வைத்து, திரும்பக் கட்டி, அதே பதிப்பு எண்ணில் பழையதன் இடத்தில் ஏற்றினேன். மூலநிரலைத் தொடவே இல்லை. ஆசிரியருக்குப் போன் செய்து, "இப்போ இறக்கிப் பாருங்க சார், வரும்" என்றேன். வந்தது. அவர் எனக்கு நன்றி சொன்னார். நான் அதை ஏற்றுக்கொண்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? நேரமில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணமில்லை. முறையாகத் திருத்தியிருந்தால் அந்த மாற்றம் என்றென்றைக்கும் கிட்டில் பதிவாகியிருக்கும். அதைப் படிக்கிற எவருக்கும் மாணவி சொன்னது சரி, நான் சொன்னது தவறு என்று தெரிந்திருக்கும். அதற்குப் பயந்தேன். என் வயதில் பாதிகூட ஆகாத பெண் கண்டுபிடித்ததை நான் கண்டுபிடிக்கவில்லை என்பது வெளியே தெரியக் கூடாது என்று நினைத்தேன். பில்ட் என் ஒருவன் கையில் இருந்ததால் கிடைத்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. படிகளை எழுதி வைக்காததற்கும் அடியில் இருந்தது அதுவே என்று இப்போது தெரிகிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பகுதியில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டார்கள். ஆற்றோரத் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. என் வீட்டுக்குள்ளும் வந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, கணினி போனது. மாதிரி ஃபோல்டரும், என் கைப்பழக்கமாக மட்டுமே இருந்த பில்ட் அமைப்பும் அதோடு போயின. மூலநிரல் வெளியூர்ச் சர்வரில் பத்திரமாக இருந்தது. ஆனால் அதிலிருந்து பேக்கேஜ் எடுக்கக்கூடிய ஒரு கணினிகூட உலகத்தில் இல்லை.

தண்ணீர் வடிந்து சில வாரம் கழித்து அதே ஆசிரியர் கூப்பிட்டார். பள்ளிக்கு வேறு கணினிகள் வந்திருப்பதாகவும், அவற்றில் லினக்ஸ் புதுசு என்றும், அதற்கேற்ற பேக்கேஜ் வேண்டும் என்றும் கேட்டார். கடன் வாங்கிய மடிக்கணினியில் மூலநிரலை இறக்கினேன். ஸ்ரீவைகுண்டம் இல்லை என்று நின்றது. அப்போதும் நான் திருந்தவில்லை. மாதிரியைத் தேடும் வரியை நீக்கி, பெயரைச் சரிசெய்து, 'சிறு திருத்தம்' என்று மட்டும் குறிப்பெழுதிப் பதிவு செய்தேன். லினக்ஸ் பேக்கேஜ் போய்ச் சேர்ந்தது. விண்டோஸுக்கு வெளியில் கிடந்தது இன்னும் நான் கைவைத்த பேக்கேஜ்தான்.

2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் பற்றிய செய்தி வந்தது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் கோப்புச் சுருக்க மென்பொருள் அது. அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், வெளியாள் கணினிக்குள் நுழையும்படி ஒரு கள்ளவழி வைக்கப்பட்டிருந்தது. உள்நுழைவு வழக்கத்தைவிட அரை வினாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். அந்தக் கள்ளவழியைப் பில்டின்போது இயக்கிவிடும் வரி கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய பொதியில் மட்டும் இருந்தது. களஞ்சியத்தைப் படித்தவர்களுக்கு அது தெரியவில்லை. மூலநிரல் ஒன்று, மக்கள் கைக்குப் போனது வேறொன்று. அந்த இடைவெளியில்தான் திருட்டு நடந்தது.

எங்கள் குழுவிலும் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. வெகுநாள் பேசாமல் இருந்த அந்த மாணவி கேட்டாள்: "அண்ணா, நம்ம பேக்கேஜும் மூலநிரலும் ஒண்ணுதான?"

"ஆமா, ஒண்ணுதான்" என்று வாய் கூசாமல் எழுதினேன்.

நான் எவர் கணினியிலும் தீங்கு வைக்கவில்லை. சரியான பாடத்தைத்தான் வைத்தேன். ஆனால் அந்தப் பேக்கேஜை வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு, நல்லது வைத்தவனையும் கெட்டது வைத்தவனையும் பிரித்தறிய வழியில்லை. கட்டற்ற மென்பொருளில் ஒருவர் மற்றவரை நம்புவது, மூலநிரலைப் படித்தால் பேக்கேஜைப் படித்ததற்குச் சமம் என்ற ஒரே ஆதாரத்தின் மேல்தான். அந்த ஆதாரத்தைப் பள்ளிப் பிள்ளைகளின் கணினியில் நான் உடைத்திருந்தேன். உடைக்கவில்லை என்று பொய்யும் சொல்லியிருந்தேன்.

சில நாள் தூக்கமில்லாமல் கிடந்த பிறகு குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். முதலில் அவளுடைய பழைய படத்தைத் தேடி எடுத்துப் போட்டு, அதில் 266 என்ற எண் இருந்ததையும், நான் அதைப் படிக்காமலேயே அவள்மேல் பழி போட்டதையும் சொன்னேன். அவள் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டாள் என்று எழுத எனக்கு ஆசைதான், அப்படி நடக்கவில்லை. கோபப்பட்டாள். தமிழைக் கணினியில் சரியாகப் போடத் தெரியாதவள் என்று தன்னைத் தானே நினைத்துக்கொண்டு வேறு இரண்டு குழுக்களில் சேராமல் ஒதுங்கியதாகச் சொன்னாள். அந்த இழப்பை என்னால் ஈடுகட்ட முடியாது. ஸ்ரீவைகுண்டத்துக்கு நேரில் போய் ஆசிரியரிடமும் சொன்னேன். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது பில்ட் என் கையில் இல்லை. படிகள் அத்தனையும் மூலநிரலோடு எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் எதுவும் போடாத வெறும் சூழலில், களஞ்சியத்தில் இருப்பதை மட்டும் இறக்கித்தான் பேக்கேஜ் எடுக்கிறோம். லினக்ஸுக்கு, பள்ளிகளில் இருப்பதிலேயே பழைய பதிப்பின் மேல் எடுக்கிறோம். ஒரு கோப்பு இல்லையென்றால் பில்ட் உடனே நின்று, எது இல்லை என்று சொல்ல வேண்டும். தானாக வேறு எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு பேர் தனித்தனியாக எடுத்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுகிறோம். டெபியன்காரர்கள் 2013 முதல் இதையே பெரிய அளவில் செய்துவருகிறார்கள்: ஒரே மூலநிரலை யார், எங்கே பில்ட் செய்தாலும் கடைசி பைட் வரை ஒரே பேக்கேஜ் வர வேண்டும் என்பது அவர்கள் இலக்கு. கோப்புக்குள் பதியும் பில்ட் நேரம்கூட அதைக் கெடுக்கும் என்பதால், அந்த இடத்தில் மூலநிரலின் கடைசி மாற்றத் தேதியை வைக்கிறார்கள். நாங்களும் அப்படியே வைக்கிறோம்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். 'பொருநை' என்பதில் உள்ள ொ ஒரே குறியாகவும் இருக்கலாம், ெ, ா என்று இரண்டாகவும் இருக்கலாம். பழைய மேக் கணினிகள் இரண்டாகப் பிரித்தே சேமித்தன. இவை இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்லியிருப்பதால், பெயர்களை ஒரே வடிவத்துக்கு மாற்றும் பொது நிரல்கள் இதைச் சரிசெய்துவிடும். ஆனால் ஸ்ரீ-யின் இரண்டு வடிவங்களையும் யூனிகோடு சமமாகக் கருதுவதில்லை. எந்தப் பொது நிரலும் அவற்றை ஒன்றாக்காது. அதற்கென்று நீங்களே ஒரு சோதனை எழுத வேண்டும். எங்கள் சோதனையை அந்த மாணவிதான் எழுதினாள். இந்தத் தொல்லைக்குப் பயந்து தமிழ்ப் பெயர்களைக் கைவிட வேண்டியதில்லை.

வாய்க்காலின் தலைமடையில் தண்ணீர் நிறைந்து ஓடுவதை வைத்துப் பாசனம் நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. கடைமடை வயல் நனைந்ததா என்றுதான் கேட்பார்கள். மென்பொருளுக்கும் அதுதான் கணக்கு. செய்தவனின் கணினியில் ஓடுவது எதற்கும் சாட்சியில்லை. கடைசிப் பள்ளியின் பழைய கணினியில் திறக்கிறதா என்பதே கேள்வி. அதற்குப் பதில் சொல்லத் தகுதி உள்ளவர் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் மட்டுமே.

தமிழுக்காக மென்பொருள் செய்யும் நண்பர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பேக்கேஜை எடுக்கும் வழி உங்கள் ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தால், இன்றைக்கே எழுதி வையுங்கள். உங்களைவிடச் சின்னவர் ஒருவரிடம் கொடுத்து, வெறும் கணினியில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுக்கி நிற்கிறாரோ அங்கே திருத்த வேண்டியது உங்கள் வேலையை. எடுத்து முடித்த பேக்கேஜுக்குள் எந்தக் காரணத்துக்காகவும் கைவைக்காதீர்கள். யாராவது ஓடவில்லை என்று சொன்னால், உங்கள் கணினியில் ஓடுவதைப் பற்றிப் பேசாதீர்கள். அவர் அனுப்பிய படத்தை முதலில் முழுவதும் படியுங்கள்.